எருவில் ஒளிந்திருக்கும் களைவிதை: பிடுங்கிய களையை எங்கே போடுவது?

போன புரட்டாசியில் கத்தரி நாற்றுக்காக நான்கு தட்டுகளை நிரப்பினேன். வீட்டுக் குழியில் எட்டு மாதம் மட்கிய எரு அது. கறுத்துப் பொலபொலவென்று, முதல் மழை வாசனையோடு இருந்தது. ஐந்தாம் நாள் தட்டு முழுக்கப் பச்சை. குனிந்து பார்த்தால் கத்தரி ஒன்றுகூட இல்லை. பருப்புக்கீரை, முள்ளுக்கீரை, இடையிடையே சாரணை. எட்டாம் நாள் கத்தரி மெல்லத் தலைகாட்டியபோது அதற்கு நிற்க இடமில்லை.

குன்றிமணி குப்பையில் கிடந்தாலும் நிறம் மங்காது என்பார்கள். நிறம் மட்டுமா? முளைப்புத்திறனும் மங்குவதில்லை. இலையும் தண்டும் மட்குவது அவற்றை நுண்ணுயிர்கள் தின்பதால். விதையோ தின்னப்படாமல் தப்பிப்பதற்கென்றே ஓடு கட்டிக்கொண்டு பிறந்தது. எரு கறுத்துவிட்டது, மணக்கிறது, உதிர்கிறது என்பதெல்லாம் இலை செத்ததற்கான சாட்சி. விதை செத்ததற்கு அல்ல. அதைக் கொல்ல இரண்டு வழிகள்தாம் நம் கைக்கு எட்டியவை. ஒன்று, ஈரத்தோடு கூடிய சூடு. மற்றொன்று, முளைக்கவிட்டு முளையிலேயே முடிப்பது. கீழே ஒப்பிடும் முறைகள் எல்லாவற்றையும் இந்த இரண்டில் எதைச் செய்கின்றன என்று பார்த்தே எடை போட்டிருக்கிறேன். இரண்டையும் செய்யாத முறை எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும், களைவிதை விஷயத்தில் அது சும்மா காத்திருப்பதுதான்.

முறைக்குப் போகும் முன்பு கையில் இருக்கும் களையைப் பாருங்கள். பூக்காத களை என்றால் கவலையே வேண்டாம். வேரில் ஒட்டிய மண்ணை உதறிவிட்டு, ஒரு வெயிலில் வாடப்போட்டு, எந்தக் குழியிலும் போடலாம். செடிகளுக்கு இடையே மூடாக்காகவும் பரப்பலாம். தொல்லை பூத்ததிலும் காய்த்ததிலும்தான். சாரணை முளைத்த மூன்று நான்கு வாரத்திலேயே பூத்துவிடும். பருப்புக்கீரையைப் பிடுங்கிப் போட்டாலும், சதைப்பற்றான தண்டில் இருக்கும் நீரை வைத்துக்கொண்டு காயை முற்றவைத்துவிடும். மழை பெய்தால் கிடந்த இடத்திலேயே வேரும் விடும். பார்த்தீனியம் கேட்கவே வேண்டாம். 1950-களின் நடுவில் புனே பக்கம் கண்ணில் பட்ட செடி, இன்று நம் ஊர் மனையிடங்களில் எல்லாம் வெள்ளைப் பூவோடு நிற்கிறது. ஒரு செடி 15,000 முதல் 25,000 விதை வரை உதிர்க்கும். அதைத் தொடுவதென்றால் கையுறையும் முகக்கவசமும் வேண்டும். தோல் அரிப்பு, மூச்சிரைப்பு இரண்டும் அதன் கொடை. கோரையும் அருகும் தனிச் சாதி. கோரை நம் மண்ணில் விதையால் பரவுவது அரிது, கிழங்கால்தான் படையெடுக்கும். இவற்றுக்கு வேறு வைத்தியம், பிறகு சொல்கிறேன்.

முதலில், எல்லோரும் பரிந்துரைக்கும் சூடான குவியல். பச்சையும் சருகும் சாணமும் அடுக்கடுக்காக ஒரே நாளில் போட்டு, நீர் தெளித்து, நாலைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டுவது. 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆங்கிலேய வேளாண் அறிவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்ட் வகுத்த முறையின் வழிவந்ததுதான் இது. அவரும் நம் நாட்டு விவசாயிகளிடமிருந்தும் சீனத்துப் பழக்கங்களிலிருந்தும் நிறையக் கற்றுக்கொண்டவர். சரியாக நடந்தால் குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி வரை ஏறும். ஈரமான விதைக்கு 60 டிகிரி என்றால் பெரும்பாலானவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். 50 என்றால் நாள்கணக்கில் ஆகும். 40-இல் முள்ளுக்கீரை இனமும் பருப்புக்கீரையும் அசைந்துகொடுப்பதில்லை. வெயில் காலத்து மண்ணில் வாழப் பழகியவை அல்லவா? காய்ந்த விதை ஈர விதையைவிட அதிகச் சூடு தாங்கும். ஆகவே குவியல் நடுவில் உலர்ந்து போனால் சூடு இருந்தும் பயனில்லை.

இதுவரை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது கணக்குக்கு வருவோம். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் கொண்ட குவியல்தான் சூடு பிடிப்பதற்கான குறைந்தபட்ச அளவு என்பார்கள். அதன் ஓரம் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். எல்லாப் பக்கமும் 15 சென்டிமீட்டர் கனத்துக்கு ஓரம் என்று வைத்துக்கொண்டால், உள்ளே சூடான பகுதி எவ்வளவு? 0.7-ஐ மூன்று முறை பெருக்குங்கள்: 0.34. மூன்றில் ஒரு பங்குதான் அடுப்பு. மீதி இரண்டு பங்கும் திண்ணை. ஐந்து முறை புரட்டினால் ஆறு சுற்று. ஒவ்வொரு புரட்டலும் குருட்டாம்போக்கில் நடந்தால், ஆறு சுற்றிலும் திண்ணையிலேயே உட்கார்ந்து தப்பிக்கும் விதை 100-க்கு 8. இருபதாயிரம் விதை உள்ள ஒரு பார்த்தீனியச் செடியைப் போட்டிருந்தால் 1,600 மிச்சம். அதே குவியல் ஒன்றரை மீட்டர் என்றால் ஓரம் பாதிக்குக் கீழே இறங்கும். தப்பிப்பது 100-க்கு ஒன்றரைக்கும் குறைவு. இது என் முற்றத்துக் கணக்கு. உள்ளபடி சில விதைகள் அழுகியும் சாகும், சில புழுப்பூச்சிக்கு இரையாகும். ஆனாலும் இரண்டு உண்மைகள் இதில் தெரிகின்றன. குவியல் பெரிதாக இருக்க வேண்டும். புரட்டும்போது வெளியே இருந்ததை உள்ளே, உள்ளே இருந்ததை வெளியே என்று பார்த்துப் போட வேண்டும். அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிகள் திறந்தவெளிக் குவியலுக்கு 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் ஐந்து புரட்டல் என்று கேட்பதும் இதனால்தான். அந்த விதி முதன்மையாக நோய்க்கிருமிக்காக எழுதப்பட்டது. களைவிதைக்கும் ஏறக்குறைய அதுவே அளவுகோல்.

ஒரு கன மீட்டர் என்றால் குறைந்தது 300, 400 கிலோ. நான்கு பேர் வீட்டில் நாளுக்கு ஒரு கிலோ காய்கறிக் கழிவு என்றால் ஒரு வருடச் சேமிப்பு. அதைச் சேமிக்கவும் முடியாது; முதல் மாதத்தது இரண்டாம் மாதத்திலேயே வெந்து ஆறிவிடும். சூடு வருவது எல்லாம் ஒரே நேரத்தில் கூடினால்தான். தினமும் ஒரு கூடை போடும் தொட்டி என்றைக்கும் கொதிக்காது. ஒவ்வொரு கூடையும் தன் சிறு சூட்டைத் தானே ஊதி அணைத்துவிடும். மாடு வைத்திருப்பவர், தென்னந்தோப்போ வைக்கோற்போரோ பக்கத்தில் உள்ளவர், இடுப்பு வலி இல்லாதவர், இவர்களுக்குச் சூடான குவியல் முதல் தேர்வு. பெருநகரத்து இரண்டரை சென்ட் மனைக்காரருக்கு அது கண்காட்சி. நானும் இருமுறை செய்து பார்த்தேன். முதல்முறை கம்பியைச் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவினால் கை வைக்க முடியவில்லை, மகிழ்ந்துபோனேன். இரண்டாவது புரட்டலுக்குப் பிறகு கம்பி வெதுவெதுப்போடு நின்றுவிட்டது. பச்சை தீர்ந்துவிட்டிருந்தது.

குழி, சிமெண்ட் தொட்டி, டிரம், மண்பானை அடுக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: நல்ல எரு கிடைக்கும், விதை சாகாது. குழி முறைக்கும் பெருமையான முன்னோடி உண்டு. 1939-இல் ஆச்சார்யா என்ற ஆய்வாளர் வகுத்த பெங்களூரு முறை புரட்டலே இல்லாதது. முதல் சில நாள் சூடேறி, பிறகு மாதக்கணக்கில் மூடிக் கிடந்து மட்கும். நகராட்சிக் குப்பைக்கு அது உதவியது. நம் வீட்டுக் கொல்லைக் குழி அந்த முதல் சில நாள் சூட்டையும் எட்டுவதில்லை.

மண்புழு உரம் பற்றி ஒரு மயக்கம் உலவுகிறது: புழு விதையைத் தின்றுவிடும் என்று. சில சிறு விதைகள் புழுவின் வயிற்றில் சிதைவது உண்மைதான். ஆனால் 35 டிகிரியைத் தாண்டினால் புழுவுக்கே ஆகாது. புழு பிழைக்கும் சூட்டில் விதையும் சுகமாகப் பிழைக்கும். மண்புழு உரம் போட்ட தொட்டியில் யாரும் விதைக்காத தக்காளி முளைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கழிவை முதலில் அரைகுறையாக மட்கவிட்டு (முன்மட்கு), சூடு அடங்கிய பிறகு புழுத் தொட்டிக்கு மாற்றுவார்கள். அந்த முதற்கட்டம் எவ்வளவு சூடானதோ அவ்வளவுதான் பாதுகாப்பு.

விலைக்கு வாங்கும் தொழுவுரத்தையும் இதே வரிசையில் வையுங்கள். வீட்டு எருவைக் குறை சொல்லிக்கொண்டு ஒரு டிராக்டர் சாணக்குப்பை இறக்கினேன் ஒரு வருடம். அதுவரை என் கொல்லையில் இல்லாத மூன்று களைகள் அந்த வண்டியில் இறங்கின. ஆடு மாட்டின் வயிற்றைப் பல விதைகள் உயிரோடு கடக்கும். சீமைக்கருவேலம் ஊரெல்லாம் பரவியதில் நெற்றைத் தின்ற ஆடுகளுக்குப் பெரும் பங்கு. வயிற்றில் ஊறி வெளிவந்த கடின ஓட்டு விதை முன்பைவிட வேகமாகவே முளைக்கும். ‘களையை மாட்டுக்குப் போட்டுவிடுங்கள்’ என்ற யோசனையில் இந்த ஓட்டை இருக்கிறது. பார்த்தீனியத்தை மாட்டுக்குப் போடவே கூடாது. அது நஞ்சு, பாலில் கசப்பும் ஏறும்.

தண்ணீரில் ஊறப்போடுவது கொஞ்சம் நியாயமான வழி. மூடியுள்ள டிரம்மில் களையை அமுக்கி, மேலே கல் வைத்து, நீர் நிரப்பி நான்கைந்து வாரம் விட்டுவிடுவது. அருகம்புல்லின் கணுவேர், பருப்புக்கீரைத் தண்டு போன்று துண்டிலிருந்து துளிர்ப்பவை எல்லாம் இதில் கூழாகும். நீரைப் பத்து மடங்கு கலந்து வேருக்கு ஊற்றலாம். நாற்றம் கொடுமை, பக்கத்து வீட்டோடு உறவு நன்றாக இருந்தால் மட்டும் செய்யுங்கள். மூடி இறுக்கமில்லை என்றால் கொசுவும் வளரும். விதை? மென்தோல் விதை பாதி அழுகும். தொட்டாச்சிணுங்கி, தகரை போன்ற கல் விதைகள் ஊறல் முடிந்தும் அடியில் மணலோடு மணலாகக் கிடக்கும். ஆகையால் வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். அடி வண்டலை நாற்றுப் பாத்திப் பக்கம் கொண்டுபோகக்கூடாது.

இனி எனக்குப் பிடித்தது. நம்மிடம் சூடு இல்லை என்று யார் சொன்னது? மாடியில் கொட்டிக் கிடக்கிறது. மண்ணை ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் மூடி வெயிலில் வேகவைக்கும் உத்தியை 1976-இல் இஸ்ரேலின் கட்டான் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஆய்வுலகுக்குக் கொண்டுவந்தார்கள். கலிபோர்னிய நாற்றங்கால்கள் தொட்டி மண்ணை இரட்டைத் தாளுக்குள் வைத்து 70 டிகிரியில் அரை மணி அல்லது 60 டிகிரியில் ஒரு மணி என்ற அளவுக்கு ஏற்றுகின்றன. நம் சித்திரை வெயிலுக்கு அது எட்டாத உயரம் அல்ல. குவியலைச் சூடாக்க முடியாதவர் முடிந்த எருவைச் சூடாக்கலாம். இதில் முக்கியமான வசதி, தேவையான அளவுக்கு மட்டும் செய்யலாம். ஒரு வருடத்துக்கு நாற்றுத் தட்டுக்கும் தொட்டிக்கும் எனக்கு வேண்டியது நான்கு சாக்கு எரு. நானூறு கிலோ குப்பையைப் புரட்டுவதைவிட நான்கு சாக்கு எருவை வேகவைப்பது எளிது.

செய்முறை இதுதான். எருவைச் சலித்து, கையில் பிடித்து அழுத்தினால் ஓரிரு சொட்டு வரும் அளவுக்கு நனைத்து, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். விதை நீர் குடித்து உறக்கம் கலையட்டும்; அப்போதுதான் சூட்டுக்கு எளிதில் மடியும். பிறகு மாடித் தளத்தில் ஒரு தாளை விரித்து, எருவை ஒரு கையகலக் கனத்துக்கு, அதாவது 8, 10 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற தாளால் மூடி ஓரங்களைச் செங்கல்லால் அழுத்துங்கள். அதற்கு மேல் நான்கு செங்கல்லோ வளைத்த கம்பியோ வைத்து இடைவெளி விட்டு இன்னொரு தாள். இரண்டாவது தாளைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். இரண்டுக்கும் இடையே சிக்கிய காற்றுதான் கம்பளி. கறுப்புத் தாள் வேண்டாம். கறுப்பு தான் சூடாகும், எருவைச் சூடாக்காது. மதியம் இரண்டு மணிக்கு ஒரு தெர்மாமீட்டரை நடுவில் செருகிப் பாருங்கள். தொடர்ந்து பல நாள் 60-ஐத் தொட்டால் போதும். மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறி, அடியை மேலே கொண்டுவந்தால் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். மேகம் மூடினால் இரண்டு வாரம்.

குறையும் உண்டு. நல்ல நுண்ணுயிர்களிலும் ஒரு பகுதி வெந்துபோகும். கொஞ்சம் பழைய மண்ணோடு கலந்து ஒரு வாரம் நிழலில் ஈரமாக வைத்தால் திரும்பி வந்துவிடும் என்பதால் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தாள் செலவு உண்டு. மெல்லிய தாள் ஒரே கோடையில் நொறுங்கி எருவில் கலந்துவிடும், அது களையைவிட மோசம். கனமான, வெயில் தாங்கும் தாள் வாங்குங்கள். ஐப்பசி கார்த்திகையில் இந்த வேலை நடக்காது. மழைக்குப் பின் தையில் பிடுங்கிய களை, சித்திரை வரை குழியில் மட்கி, கத்திரி வெயிலில் வெந்து, ஆடிப்பட்டத்துக்குத் தயாராகும். நம் பருவம் இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. கோரைக் கிழங்குக்கும் இதே வெயில்தான் மருந்து. எருவில் போடவே போடாமல், தளத்தில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, கிழங்கு சுருங்கி உள்ளே வெறும் நாராகும் வரை காயவிடுங்கள். கோடை உழவில் கிழங்கை வெயிலுக்குப் புரட்டிப்போடும் விவசாயி செய்வதும் இதுதான்.

வெயில் இல்லாத மாதங்களுக்கு இரண்டாவது வழி: முளைக்கவிட்டு முடிப்பது. நெல்வயலில் தண்ணீர் கட்டி, களை முளைத்த பிறகு மடக்கி உழுவார்களே, அதன் மாடிப் பதிப்பு. எருவை அகலத் தட்டில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, ஈரமாக வெளிச்சத்தில் வைத்தால் பத்து நாளில் பச்சை கட்டும். கிளறி மடக்கிவிடுங்கள். இன்னொரு பத்து நாள், இன்னொரு மடக்கு. செலவே இல்லை, விதை முளைக்காமல் உறங்கிக் கிடந்தால் மட்டும் இது தோற்கும். முள்ளுக்கீரை இனத்தில் அப்படி உறங்குபவை உண்டு. ஆனாலும் நாற்றுத் தட்டில் முதல் மூன்று வாரம் தொல்லை இல்லாமல் இருந்தால் அதுவே பெரிய நிம்மதி.

புதைப்பது? வாழைக்கன்று குழியின் அடியில், தென்னைப் பாத்தியில் ஒரு முழ ஆழத்தில் விதையுள்ள எருவைப் போட்டு மேலே மண் மூடினால், சிறு விதைகளால் மேலே வர முடியாது. பார்த்தீனியம், சாரணை, பருப்புக்கீரை எல்லாம் மேல்மண்ணிலிருந்து மட்டுமே எழுபவை. அது சாவு அல்ல, சிறைதான். 1879-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் களைவிதைகளை மணலோடு கலந்து 20 புட்டிகளில் அடைத்துப் புதைத்தார். 2021-இல் ஒரு புட்டியைத் தோண்டி எடுத்தபோது, 142 வருடம் கழித்தும் ஒரு வகை விதை முளைத்தது. நீங்கள் மறுபடி தோண்டாத இடத்தில் மட்டும் புதையுங்கள். வருடத்துக்கு இருமுறை கொத்தும் காய்கறிப் பாத்தியில் புதைப்பது, கடனைத் தள்ளிப்போடுவது மாதிரி.

ஆக, யாருக்கு எது? இருபது தொட்டி உள்ள மாடித் தோட்டக்காரர் காய்த்த களையின் தலையைக் கத்தரித்துத் தனியே காகிதப் பையில் போட்டு நகராட்சி வண்டியில் கொடுத்துவிடுவதே மேல். தண்டும் இலையும் டிரம்முக்குப் போகட்டும். அவ்வளவு சிறிய அளவுக்கு வேறு எந்த முறையும் உழைப்புக்கு ஈடு தராது. ஐந்து சென்ட் கொல்லை உள்ளவர் குழியையே வைத்துக்கொள்ளலாம். நாற்றுக்கும் தொட்டிக்கும் வேண்டிய பங்கை மட்டும் சித்திரையில் வேகவைத்து, மீதியை மரத்தடிக்கும் மூடாக்குக்குக் கீழேயும் போடலாம். மாடும் ஆளும் இடமும் உள்ளவர் ஒன்றரை மீட்டர்க் குவியல் போட்டுப் புரட்டட்டும். அவருக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. பார்த்தீனியம் பூத்துவிட்டால் மட்டும் இவர்களில் யாரும் அதை எருவாக்க வேண்டாம். பூக்கும் முன் பிடுங்கினால் எருவாக்கலாம். பூத்த பிறகு கிடைக்கும் எரு ஒரு கூடை, கூடவே வரும் வேலை பல வருடத்துக்கு. கொளுத்துவதும் வேண்டாம், ஈரச் செடி புகைதான் தரும். கறுப்புப் பையில் கட்டி வெயிலில் ஒரு மாதம் போட்டு, பிறகு ஆழப் புதைத்துவிடுங்கள். சற்றுமுன் கறுப்பு வேண்டாம் என்றவன்தான். இங்கே செடிக்கு வெளிச்சம் கிடைக்கக்கூடாது என்பதும் கணக்கில் சேர்கிறது.

எந்த வழியில் போனாலும் ஒரு சோதனையை மட்டும் விடாதீர்கள். எருவைக் குவியலின் நான்கைந்து இடங்களிலிருந்து பிடிபிடியாக எடுத்து ஒரு தட்டை நிரப்பி, நனைத்து, மூன்று வாரம் வைத்து முளைப்பதை எண்ணுங்கள். ஒரு தட்டுக்குப் பத்துக்கு மேல் போனால் அந்த எரு நாற்றுக்கு ஆகாது, மரத்தடிக்குப் போகட்டும். இந்தச் சித்திரையில் வேகவைத்த எருவில் இருபத்தொரு நாள் கழித்து என் தட்டில் இருந்தவை இரண்டு பருப்புக்கீரையும் ஒரு தக்காளியும். தக்காளியைப் பெயர்த்துத் தொட்டியில் வைத்திருக்கிறேன், பூ விட்டிருக்கிறது.